வெல் திவ், திரான்சி, பித்திவியே: பாரிஸ் பயணக் குறிப்புகள்

செவ்வாய், பாரிஸ் 15ஆம் வட்டாரம்

பிர்-ஹக்கீம் மெட்ரோவில் இறங்கினால் கூட்டம் மொத்தமும் ஐஃபல் கோபுரத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. எனக்கு வேண்டியது எதிர்ப்பக்கம், நெலத்தோன் தெரு. ‘வெல் திவ்’ என்று சுருக்கிச் சொல்வார்களே, அந்தக் குளிர்கால சைக்கிள் பந்தய அரங்கம் இங்கேதான் இருந்தது. ஆறு நாள் சைக்கிள் பந்தயம், குத்துச்சண்டை, கட்சிக் கூட்டம் எல்லாம் நடந்த இடம். 1959இல் இடித்துவிட்டார்கள். அப்புறம் இந்தத் தெருவில் எழும்பிய ஒரு கட்டடத்தில் உள்துறை அமைச்சகத்தின் உளவுப் பிரிவு பல வருடம் இயங்கியது. இடம் தேடியவர்களுக்கு இந்த முகவரி கொஞ்சம்கூட உறுத்தவில்லையா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

ஏனென்றால் 1942இல் யூதக் குடும்பங்களைப் பிடித்து இந்த அரங்கத்தில் அடைத்தது பிரெஞ்சுக் காவல்துறை. கேட்டது ஜெர்மனி, சந்தேகமில்லை. 1940 ஜூனில் பாரிஸ் நாஜி ஜெர்மனியிடம் விழுந்தது, பெத்தான் தலைமையில் விஷி நகரத்தில் ஒரு அரசு உட்கார்ந்தது, பேச்சுவார்த்தை நடந்தது. ஆனால் 1942 ஜூலை 16 விடியற்காலை நான்கு மணிக்குப் பாரிஸில் யூதர்களின் கதவைத் தட்டியவர்கள் அந்தந்த வட்டாரத்துப் போலீஸ்காரர்கள். கையில் அட்டை, அட்டையில் பெயர், தெரு, மாடி. ஜூலை 14 தேசிய நாள், அன்றைக்கு வேண்டாம் என்று இரண்டு நாள் தள்ளி வைத்தார்கள். அந்த நாசூக்கெல்லாம் இருந்தது.

போலீஸ்காரர்களுக்குக் கொடுத்த உத்தரவு இன்றும் இருக்கிறது. அடையாளத்தைச் சரிபார்த்த பிறகு அவர்கள் சொல்லும் எந்த ஆட்சேபத்தையும் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. வேகமாக, வீண் பேச்சில்லாமல், எந்தக் கருத்தும் சொல்லாமல் முடிக்க வேண்டும். கிளம்பும்போது கேஸ், மின்சாரம், தண்ணீர் எல்லாம் அணைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கட்டடக் காவலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். இதை எழுதிய அதிகாரிக்குப் பூனை ஞாபகம் வந்திருக்கிறது.

இரண்டு நாளில் பிடிபட்டவர்கள் 13,152 பேர். ஆண்கள் 3,118, பெண்கள் 5,919, குழந்தைகள் 4,115. இந்தக் கணக்கில் ஆண்கள் ஏன் இவ்வளவு குறைவு? செய்தி முன்கூட்டியே கசிந்திருந்தது. சில போலீஸ்காரர்களே போய்ச் சொன்னார்கள், யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் துண்டறிக்கைகளும் சுற்றின. அதுவரை நடந்த சுற்றிவளைப்புகளில் ஆண்களை மட்டும்தான் பிடித்திருந்தார்கள். அதனால் இந்த முறையும் அப்படித்தான் என்று நினைத்து அப்பாக்கள் பக்கத்து மாடியிலும் கரி அறையிலும் போய் ஒளிந்துகொண்டு, அம்மாவையும் பிள்ளைகளையும் வீட்டில் விட்டார்கள். பெண்களையும் கைக்குழந்தைகளையும் ஒரு அரசு என்ன செய்துவிடப் போகிறது?

குழந்தை இல்லாதவர்களை நேரே பாரிஸுக்கு வெளியே இருந்த திரான்சி முகாமுக்கு அனுப்பினார்கள். குடும்பமாக இருந்த எட்டாயிரத்துச் சொச்சம் பேரை, பாரிஸ் மக்கள் தினமும் வேலைக்குப் போகிற அதே நகரப் பேருந்துகளில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட ஐந்து நாள். ஜூலை வெயில். இருட்டடிப்புக்காக நீல வண்ணம் பூசிய கண்ணாடிக் கூரை. கழிப்பறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் ஜன்னல் வழியாகத் தப்பிவிடுவார்கள் என்று சிலவற்றை மூடி வைத்துவிட்டார்கள். பியெரே என்ற தீயணைப்புப் படைத் தலைவர், யாரும் கேட்காமலே குழாய்களைத் திறந்து தண்ணீர் கொடுக்கச் சொல்லி, உள்ளே இருந்தவர்கள் எழுதிய கடிதங்களைத் தன் ஆட்கள் மூலம் வெளியே கொண்டுபோய்த் தபாலில் சேர்க்க வைத்தார். அவரும் சீருடைக்காரர்தான்.

இந்த ஐந்து நாளுக்கும் சேர்த்துத் தெரிந்திருக்கிற புகைப்படம் ஒன்றே ஒன்று: அரங்கத்தின் வெளியே வரிசையாக நிற்கும் பேருந்துகள். மனிதர் யாரும் தெரியாது.

இப்போது நெலத்தோன் தெருவில் சின்னத் தோட்டம் ஒன்று போட்டிருக்கிறார்கள், 2017இல் திறந்தது. சுவரில் 4,115 குழந்தைகளின் பெயர்களும் வயதும். பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஆற்றங்கரையோரம் வால்டர் ஷ்பிட்சர் செய்த வெண்கலச் சிற்பத்தைப் பார்த்தேன். அந்த அரங்கத்தின் சாய்ந்த தளத்தை நினைவூட்டும் வளைந்த மேடை, அதில் மூட்டை முடிச்சோடு ஒரு சின்னக் கூட்டம். செய்தவரே ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமிலிருந்து மீண்டவர்.

புதன், மரே

போலீஸ்காரர்கள் கையில் இருந்ததாக நேற்று எழுதினேனே, அந்த அட்டைகள் எங்கிருந்து வந்தன? இன்றைக்கு முழுக்க அதுதான்.

ஷோவா, அதாவது யூத இனப்படுகொலை, நினைவகம் சேன் பாவ்ல் மெட்ரோவிலிருந்து பொடிநடை. அனுமதி இலவசம், வாசலில் விமான நிலையம் போலச் சோதனை. சனிக்கிழமை திறக்க மாட்டார்கள், போகிறவர்கள் கவனத்துக்கு. உள்ளே நுழைந்ததும் கல் சுவர்கள். பிரான்சிலிருந்து நாஜி முகாம்களுக்கு அனுப்பப்பட்ட 76,000 யூதர்களின் பெயர்கள், பிறந்த வருடத்தோடு, வருட வாரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். 1942 சுவர்தான் பெரிது. ஒரே குடும்பப் பெயர் ஏழெட்டு வரி அடுத்தடுத்து வரும்போது, பிறந்த வருடங்களை வைத்துப் பாட்டி யார், அம்மா யார், கடைக்குட்டி யார் என்று கண் தானாகக் கணக்குப் போடுகிறது.

சரி, அட்டைக்கு வருகிறேன். 1940 செப்டம்பர் 27 அன்று, ஆக்கிரமித்த பகுதியில் இருக்கும் யூதர்கள் எல்லோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஜெர்மன் ராணுவம் ஆணை போட்டது. எங்கே போய்ப் பதிவது? பக்கத்துக் காவல் நிலையத்தில். பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏறக்குறைய 1,50,000 பேர் அவர்களாகவே போய் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள். முதல் உலகப்போரில் பிரான்சுக்காகச் சண்டை போட்டவர்கள் பதக்கத்தைக் குத்திக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். சட்டத்தை மதிக்கிற ஆட்கள், ஒளிக்க எதுவுமில்லை, அரசு கேட்கிறது, கொடுத்தார்கள்.

காவல்துறைத் தலைமையகத்தில் அந்த்ரே துலார் என்ற அதிகாரி இதையெல்லாம் அட்டைகளாக மாற்றினார். ஒவ்வொருவருக்கும் நாலு வகை அடுக்கு: அகர வரிசையில் ஒன்று, நாட்டுரிமைப்படி ஒன்று, தொழில்படி ஒன்று, தெருப்படி ஒன்று. போலந்து நாட்டு யூதர்கள் மட்டும் வேண்டுமா, எடுக்கலாம். இந்தத் தெருவில் எத்தனை பேர், எடுக்கலாம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இது சாதாரண வேலை இல்லை, ஜெர்மன்காரர்களே பாராட்டினார்கள். துலார் யாரையும் அடித்ததாகத் தெரியவில்லை. அட்டை போட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பெரிய தொகுப்பைப் போருக்குப் பிறகு அரசே அழித்துவிட்டது. ஆனால் 1991இல், நாஜிக் குற்றவாளிகளை வாழ்நாள் முழுக்கத் தேடிய வழக்கறிஞர் செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட், முன்னாள் படைவீரர் அமைச்சகத்தின் ஆவணங்களுக்குள் மிச்சமிருந்த அட்டைகளைக் கண்டுபிடித்தார். கைதானவர்கள், முகாமில் இருந்தவர்கள் அட்டைகள். பெரிய சர்ச்சை, ஒரு குழு, அறிக்கை எல்லாம் ஆன பிறகு அவை இந்த நினைவகத்தின் நிலவறைக்கு வந்தன. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். நம் ஊர்ப் பழைய நூலகங்களில் இருக்குமே, அந்த மாதிரி இழுப்பறைகள்.

இன்னொரு கண்ணாடிப் பெட்டியில் ஒரு சட்ட வரைவு. 1940 அக்டோபர் 3, யூதர்கள் அரசு வேலையிலும் ஆசிரியப் பணியிலும் பத்திரிகையிலும் இருக்கக் கூடாது என்று விஷி அரசு போட்ட சட்டம். இதை ஜெர்மனி கேட்கவில்லை, விஷி தானாகவே போட்டது. தட்டச்சு செய்த தாளில் பென்சிலால் திருத்தங்கள். பல தலைமுறையாகப் பிரான்சில் இருக்கும் யூதக் குடும்பங்களுக்கு வரைவில் விலக்கு இருந்தது, அந்தப் பகுதி அடிக்கப்பட்டிருக்கிறது. திருத்திய கையெழுத்து பெத்தானுடையது. ‘கிழவர் பாவம், சுற்றி இருந்தவர்கள் செய்தது’ என்று அறுபது எழுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, 2010இல் வெளிவந்த இந்தத் தாள் வாயடைத்திருக்க வேண்டும். முழுக்க அடைக்கவில்லை என்பது வேறு கதை.

1942 ஜூன் 7 முதல் மஞ்சள் நட்சத்திரம். ஆறு வயதுக்கு மேல் எல்லோரும் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு மூன்று கொடுத்தார்கள், சும்மா இல்லை, துணி ரேஷனில் ஒரு புள்ளி கழித்துக்கொண்டு. இந்த ஒரு புள்ளி விஷயத்தைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன்.

இந்த நினைவகத்தின் மூலக்கதையையும் சொல்லிவிட வேண்டும். 1943 ஏப்ரலில், கொலை நடந்துகொண்டிருக்கும்போதே, ஐசக் ஷ்னீர்சோன் என்பவர் கிரனோபிள் நகரத்தில் சிலரை ரகசியமாகக் கூட்டி, ஆதாரங்களை இப்போதே சேர்க்க வேண்டும் என்றார். ஜெயிப்போமா, உயிரோடு இருப்போமா தெரியாது, ஆனால் காகிதத்தைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பிற்பாடு நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நூரம்பெர்க் விசாரணையில் அந்தக் காகிதங்கள் பயன்பட்டன.

வெளியே சந்தில் இன்னொரு சுவர், யூதர்களைக் காப்பாற்றிய ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்கள். நான்சி நகரத்தில் வெளிநாட்டவர் பதிவுப் பிரிவின் தலைவர் விஞெரோன் என்று ஒரு போலீஸ் அதிகாரி இருந்தார். 1942 ஜூலையில் உத்தரவு வந்ததும் தன் ஆட்களை அனுப்பி, பட்டியலில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் பேரைத் தப்பச் சொன்னார், சிலருக்குப் போலி அடையாள அட்டையும் கொடுத்தார். பெரும்பாலோர் தப்பினார்கள். அவர் கையிலும் துலார் கையில் இருந்த அதே மாதிரி அட்டைதான்.

வியாழன், திரான்சி, பொபினி

நான் தங்கியிருப்பது பொபினியில், யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் வீட்டில். இந்தப் பக்கம், லா கூர்நெவ், திரான்சி, பொபினி எல்லாம் நம் ஆட்கள் நிறைய. திரான்சி முகாமுக்குப் போகிறேன் என்றதும் சிரித்தார். “உந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் தம்பி நான் பத்து வருசமா வேலைக்குப் போறனான். ஒரு நாளும் இறங்கிப் பாக்கேல்ல.” இன்று அவருக்கு விடுப்பு, கூடவே வந்தார்.

முகாம் என்றதும் முள்வேலி, மரக்குடில் எல்லாம் மனதில் வரும். இது அடுக்குமாடி வீடு. சித்தே த லா முயெத் என்று பெயர், 1930களில் போதுலன், லோட்ஸ் என்ற கட்டடக்கலைஞர்கள் ஏழைத் தொழிலாளிகளுக்காக நவீன முறையில் கட்ட ஆரம்பித்தது. பதினைந்து மாடிக் கோபுரங்கள் ஐந்து, பிரான்சுக்கு அது புதுசு. பக்கத்தில் ‘ப’ வடிவத்தில் நாலு மாடிக் கட்டடம், நடுவே நீளமான முற்றம். பணம் தீர்ந்து அந்த ‘ப’ பாதியில் நின்றது, உள்ளே தடுப்புச் சுவர்கூட இல்லாமல் வெறும் சிமென்ட் தளம். கோபுரங்களில் ஜான்தார்ம் என்கிற ராணுவக் காவல் படையினர் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். 1941 ஆகஸ்ட் 20இல் பாரிஸ் 11ஆம் வட்டாரத்தில் தொடங்கிய சுற்றிவளைப்பில் பிடித்த நாலாயிரம் ஆண்களைக் கொண்டுவந்து இந்த ‘ப’வுக்குள் அடைத்தார்கள். படுக்கை போதாது, சாப்பாடு தண்ணீர் மாதிரி ஒரு சூப். அந்த நவம்பரில் பட்டினியால் எலும்பும் தோலுமானவர்களை நூற்றுக்கணக்கில் வெளியே விட வேண்டி வந்தது. பாரிஸிலிருந்து சில மைல், பக்கத்தில் குடியிருந்தவர்கள் ஜன்னலைத் திறந்தால் தெரியும் தூரம்.

இப்போதும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். கோபுரங்களை 1976இல் இடித்தார்கள், ‘ப’ அப்படியே நிற்கிறது, குறைந்த வாடகை வீடுகளாக. பால்கனியில் துணி காய்கிறது, முற்றத்துப் புல்லில் ஒரு பையன் சைக்கிள் ஓட்டுகிறான், கார்கள் நிற்கின்றன. முற்றத்தின் வாய்ப்பக்கம் ஷெலோமோ செலிங்கரின் கல் சிற்பமும், அதன் பின்னால் ஒரு பழைய சரக்கு ரயில் பெட்டியும். நினைவிடத்தில் யாரையும் குடிவைக்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடாகக் கட்டியதை வீடாக வைத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அண்ணனுக்கு இதில் உடன்பாடில்லை, “இரவில நித்திரை வருமே?” என்றார்.

எதிரே 2012இல் திறந்த அருங்காட்சியகம் (வெள்ளி, சனி விடுமுறை). மேல்மாடிக் கண்ணாடி வழியே அந்த ‘ப’ முழுவதும் தெரிகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். சுவர் எழுத்துகள் இருக்கும் பகுதியில்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். 2009இல் ஜன்னல் மாற்றும்போது பழைய பூச்சுப் பலகைகளில் பென்சில் எழுத்துகள் வெளிப்பட்டன. பெயர், வந்த தேதி, கிளம்பும் தேதி. எங்கே கிளம்புகிறோம் என்று தெரியாது. பிட்சிப்போய் என்று ஒரு கற்பனை ஊரைச் சொல்லிக்கொண்டார்கள், குழந்தைகள் முக்கியமாக.

கிளம்புவதற்கு முன் சோதனை அறை. கையிலிருக்கும் பணம், மோதிரம் எல்லாம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ஆமாம், ரசீது. பெயர், தொகை எழுதி, அடிக்கட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு. அந்த ரசீதுப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. 1943 ஜூலையில் முகாம் நிர்வாகத்தைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட, எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் அதிகாரி அலோய்ஸ் புருன்னர் காலத்தில், போலந்து பணமாகத் திருப்பித் தருவோம் என்றுகூட நம்ப வைத்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் உள்ளே இருந்தவர்கள் முறைவைத்துச் சுரங்கம் தோண்டினார்கள், எழுபது பேர் அளவில். வெளியே போய்ச் சேரச் சில மீட்டரே பாக்கி இருக்கும்போது, 1943 நவம்பரில் மாட்டிக்கொண்டார்கள். கவிஞர் மக்ஸ் ஜாக்கோப் 1944 மார்ச் 5 அன்று இந்த முகாமிலேயே நிமோனியாவில் செத்தார். அவர் கத்தோலிக்கராக மதம் மாறிப் பல வருடம் ஆகியிருந்தது, அட்டைக்கு அது பொருட்டில்லை.

பிரான்சிலிருந்து அனுப்பப்பட்ட 76,000 பேரில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த முற்றத்திலிருந்து போனவர்கள். பெரும்பாலும் ஆஷ்விட்ஸுக்கு, ரயிலுக்கு ஆயிரம் பேர் கணக்கில். திரும்பியவர்கள் எல்லாம் சேர்த்து மூவாயிரம்கூட இல்லை. முதலில் லெ பூர்ஜே-திரான்சி நிலையம், 1943 ஜூலை முதல் பொபினியின் சரக்கு நிலையம், அங்கே ஆள் நடமாட்டம் குறைவு என்பதால். பொபினியிலிருந்து 21 ரயில்கள், 22,500 பேர். போருக்குப் பிறகு அந்த இடத்தில் நீண்ட காலம் பழைய இரும்புக் கடை இருந்தது, இப்போது நினைவிடமாக்கித் தண்டவாளத்தை ஒட்டி நடக்க விடுகிறார்கள். 1944 ஜூலை 31 அன்று இங்கிருந்து போன 77ஆம் ரயிலில் 1,306 பேர், அதில் முந்நூறுக்கும் மேல் குழந்தைகள், புருன்னர் அநாதை இல்லங்களிலிருந்து அள்ளி வந்தவர்கள். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கி எட்டு வாரம் ஆகிவிட்டது. ஆகஸ்ட் 25இல் பாரிஸே விடுதலை. தோற்றுக்கொண்டிருக்கும் போரில் ரயில் பெட்டியைக் குழந்தைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

சனி

நினைவகங்கள் மூடியிருக்கும் நாள். மரேயில் சும்மா சுற்றினேன். பள்ளிக்கூட வாசல்களில் கறுப்புப் பலகைகள்: இந்தப் பள்ளியில் படித்த யூதக் குழந்தைகள், விஷி அரசின் காவல்துறை உதவியோடு பிடிக்கப்பட்டு அனுப்பப்பட்டார்கள். பிரான்ஸ் முழுக்க 11,400 குழந்தைகள். ‘விஷி அரசின்’ என்ற சொல் பலகையில் ஏறுவதற்கு ஐம்பது வருடத்துக்கும் மேல் ஆனது. நாளை அண்ணன் காரில் தெற்கே.

ஞாயிறு, பித்திவியே

பாரிஸிலிருந்து ஒன்றரை மணி நேரம். கண்ணுக்கு எட்டும்வரை கோதுமை வயல். பித்திவியே ஊரின் பெயரில் ஒரு பாதாம் கேக் உண்டு, பிரான்ஸ் முழுக்கத் தெரியும். ஊரின் பயணிகள் ரயில் நின்று பல வருடமாகிறது. பழைய நிலையத்தை 2022 ஜூலையில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள், அதிபர் மக்ரோன் வந்தார்.

இந்த ஊரில் இருந்த முகாம் இந்தக் கதையில் இரண்டு முறை வருகிறது. 1941 மே மாதம் பாரிஸில் வெளிநாட்டு யூத ஆண்களுக்குப் பச்சை நிறச் சீட்டு ஒன்று வந்தது, உங்கள் நிலைமையைப் பரிசீலிக்க ஒரு உறவினரோடு வாருங்கள் என்று. போன 3,700 பேரை அப்படியே ரயிலேற்றி இங்கேயும் பக்கத்து போன்-லா-ரோலாந்திலும் அடைத்தார்கள். கூட வந்த மனைவியைத் துணிமணி எடுத்துவர வீட்டுக்கு அனுப்பினார்கள், உறவினர் அதற்குத்தான். எழுத்தாளர் ஐரீன் நெமிரோவ்ஸ்கியையும் 1942 ஜூலையில் இங்கே கொண்டுவந்து ஓரிரு நாளில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள்.

இரண்டாவது முறை, வெல் திவ் அரங்கத்திலிருந்து இங்கே கொண்டுவந்த குடும்பங்கள். இதை எழுதத்தான் இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன். குழந்தைகளை என்ன செய்வது என்று பெர்லின் இன்னும் முடிவு செய்யவில்லை. பதினாறு வயதுக்குட்பட்டவர்களையும் கொண்டுபோகலாம் என்று முன்வந்தவர் பிரெஞ்சுப் பிரதமர் லவால், ஜூலை ஆரம்பத்திலேயே. பதில் வந்துசேரும் முன் ரயில்களை நிரப்ப வேண்டியிருந்தது. அதனால் தாய்களை முதலில் அனுப்பினார்கள். ஜான்தார்ம்கள் தடியால் அடித்து, தண்ணீரைப் பீய்ச்சி, பிள்ளைகளைப் பிரித்தெடுத்தார்கள். மூவாயிரம் அளவில் குழந்தைகள், பெரும்பாலோர் பிரான்சில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள், இரண்டு மூன்று வயதுக்காரர்கள்கூட, தனியாக இந்த முகாம்களில் இருந்தார்கள். ஆகஸ்ட் நடுவில் திரான்சிக்குக் கொண்டுபோனார்கள். தன் பெயரைச் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்குப் பட்டியலில் கேள்விக்குறி. அந்த மாத முடிவுக்குள் ஏறக்குறைய எல்லோரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பி முடித்துவிட்டார்கள்.

பித்திவியே முகாமின் ஒரு புகைப்படம் பிரபலம்: காவல் மேடையிலிருந்து ஒரு ஜான்தார்ம் முகாமைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தலையில் பிரெஞ்சுத் தொப்பி. 1956இல் ஒரு ஆவணப்படத்தில் இதைக் காட்டியபோது தணிக்கைக் குழு தொப்பியை மறைக்கச் சொன்னது. மறைத்தார்கள். அதிபர் மித்தரான் பதவியில் இருந்தவரை குடியரசுக்கும் விஷிக்கும் சம்பந்தமில்லை என்றார். 1995 ஜூலை 16 அன்று அடுத்த அதிபர் ஷிராக்தான், ஆக்கிரமித்தவனின் வெறிக்குப் பிரெஞ்சுக்காரர்களும் பிரெஞ்சு அரசும் துணைபோனார்கள் என்று முதல் முறையாக வாய்திறந்து சொன்னார்.

திரும்பும்போது அண்ணன் கேட்டார், “அந்த அட்டை போட்ட ஆளுக்குப் பிறகு என்ன நடந்தது?”

லவாலை 1945இல் சுட்டுக் கொன்றார்கள். புருன்னர் சிரியாவுக்குத் தப்பிவிட்டார். காவல்துறையின் தேசியத் தலைவராக இருந்து இந்தச் சுற்றிவளைப்பைப் பேசி முடித்த ரெனே பூஸ்கேவுக்கு 1949இல் பெயரளவில் ஒரு தண்டனை, அதையும் உடனே ரத்து செய்தார்கள், வங்கித் துறையில் பெரிய ஆளானார். 1991இல் மறுபடி குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக்குக் காத்திருந்தபோது, 1993 ஜூன் 8 அன்று ஒருவன் வீடு தேடிப் போய்ச் சுட்டுக் கொன்றுவிட்டான். நீதிமன்றத்தில் அவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியதெல்லாம் அதோடு போனது.

துலார் மேல் வழக்கு எதுவும் நடக்கவில்லை.